குளிர் அறையில் குப்பை

திருநெல்வேலி
9 ஜூன் 2025

ஜீனா அக்காவுக்கு, எபின் எழுதுவது.

நான் சாகவில்லை. ஜெயிலிலிருந்து வெளியே வந்துவிட்டேன். இந்த இரண்டு சேதியையும் யாராவது உனக்குச் சொல்லியிருப்பார்கள். நீயாக விசாரித்திருப்பாய் என்று நான் நினைக்கவில்லை.

வெளியே என்றால் முழுசாக வெளியே இல்லை. கிடைத்த ஜாமீனுக்கு ஒரு வால் உண்டு. மறு உத்தரவு வரும்வரை நான் இந்தத் திருநெல்வேலியிலேயே கிடக்க வேண்டும். தினமும் காலையில் ஸ்டேஷனுக்குப் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. வண்டியையும் போனையும் பிடித்து வைத்துக்கொண்டார்கள். புதுப் போன் வாங்கலாம், ஆனால் உனக்கு அடிக்கக் கூடாது. பாறசாலை சூப்பர் மார்க்கெட்டின் மேனேஜர் என்ற முறையில் நீ இந்த வழக்கில் சாட்சியாக்கும். சாட்சியோடு பேசினால் ஜாமீன் போய்விடும், யார் யாருக்கு அடித்தார்கள் என்பதெல்லாம் எடுத்துவிடுவார்கள் என்று வக்கீல் சொல்கிறார். கடிதமும் கூடாதுதான். ஆனால் கடிதத்துக்கு டவர் கிடையாதே. வாசித்ததும் அடுப்பில் போட்டுவிடு.

என்ன நடந்தது என்று நீ கேட்கவில்லை, நானே சொல்கிறேன். வழக்கம்போலக் கடைக்குப் பின்னால் கழிவு ஏற்றிக்கொண்டு பாலையன் மாமா வாழைத்தோட்டத்துக்குப் போனேன். உள் ரோடுதான். மாமா வீட்டுக்குச் சோறு தின்னப் போகிறவன் எவனாவது மெயின் ரோட்டில் செக்போஸ்ட் வழியாகச் சுற்றிப் போவானா? சிலுவை நிற்கிற குருசடித் திருப்பத்தில் போலீஸ் ஜீப் நின்றது. எங்கிருந்து, எங்கே என்று கேட்டார்கள். பாறசாலைக் கடையிலிருந்து மாமா தோட்டத்துக்கு என்றேன். தார்ப்பாயை இழுத்தார்கள். மேலே கீரைத்தண்டும் அழுகின தக்காளியும். ஒருத்தர் கம்பை விட்டுக் கிண்டினார். அடியில் தயிர், பால், ரொட்டி, சிப்ஸ் எல்லாம் கவரோடு கிடந்தன.

எஸ்.ஐ. கேட்டது ஒன்றுதான். "கேரளாக் குப்பையக் கொட்ட எங்க மாவட்டந்தான் கெடச்சுதாடே?"

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "சார், இது வேற ஸ்டேட்டாக்கும்ணு நான் யோசிக்கேல்ல."

அவர் சிரித்துவிட்டார். பிறகு அதைத்தான் முதலில் எழுதிக்கொண்டார்கள். செக்போஸ்டில் போகாமல் உள் ரோட்டில் போனது ஒளிந்து போனதாம். உண்மையைச் சொன்னவனுக்குத் திமிராம். அக்கா, நீயே சொல், நமக்கு எப்போதாவது தோன்றியதுண்டா? நம் வீட்டுக் கோழி மேய்கிற தூரத்தில் இருக்கிறது தமிழ்நாடு.

உன்னிடம் நான் கேட்பது இவ்வளவுதான். போலீஸ் உன்னைக் கூப்பிடுவார்கள். லோடு ஏற்றியது கடையில். போகிற இடம் கம்பெனிக்குத் தெரியும். கவரோடு ஏற்றச் சொன்னது நான் இல்லை. இதைச் சொல். சொன்னால் நான் வீட்டுக்கு வருவேன். சொல்லாவிட்டால், இப்படி லோடு கடத்துவதையே தொழிலாக வைத்திருக்கிறவன் என்று என்மேல் எழுதுவார்கள், ஒரு வருஷம் ஜாமீனே இல்லாமல் உள்ளே போடுவார்கள் என்று வக்கீல் சொன்னார். அதைச் சொல்லிவிட்டு அவர் டீ குடித்தார்.

எபின்.


கொல்லயில்
14 ஜூன் 2025

எபினுக்கு அக்கா எழுதுவது.

எலே, நான் விசாரிக்கவில்லை என்று எந்த வாயால் சொல்கிறாய்? உன்னைப் பிடித்த அன்று நான் சாப்பிடவில்லை. மறுநாள் லீவு போட்டுவிட்டு உன்னைப் பார்க்கக் கிளம்பி நாகர்கோவில்வரை வந்தேன். பஸ் ஸ்டாண்டில் இறங்கி நிற்கும்போது ஆதித்யன் சார் போனில் கூப்பிட்டார். இப்போது சேச்சி அங்கே போனால் கடைக்கும் அந்த வண்டிக்கும் சம்பந்தம் உண்டு என்று கடையே ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும், திரும்பி வாருங்கள் என்றார். நான் உனக்கு வாங்கின துண்டையும் சோப்பையும் கையில் வைத்துக்கொண்டு அடுத்த பஸ்ஸில் திரும்பி வந்தேன். அதற்காக என்னை ஏசு, கேட்டுக்கொள்கிறேன். விசாரிக்கவில்லை என்று சொல்லாதே.

ஆதித்யன் சாரை நீ பார்த்ததில்லை. கொச்சி ஆபீசில் இருக்கிறார், என்னைவிடப் பத்து வயசு இளையவர். நம்ம கம்பெனிக் கடைகளால் பூமி சூடாகிறதைக் குறைக்கிற வேலை அவருக்கு. ஒவ்வொரு கடைக்கும் மாதாமாதம் மதிப்பெண் போடுவார். கரண்ட் எவ்வளவு, குளிர்பெட்டிக்கு அடைத்த கேஸ் எவ்வளவு, லாரிக்கு எரித்த டீசல் எவ்வளவு, கழிவு எங்கே போனது. ஒரு கடையிலிருந்தும் ஒரு கிலோகூடக் குப்பைமேட்டுக்குப் போகக் கூடாது என்பது அவர் மேலிடத்துக்குக் கொடுத்த வாக்கு. கெட்ட மனுஷன் என்று சொல்லமாட்டேன். கடைக்கு வந்தால் என் டம்ளரிலேயே தண்ணீர் குடிப்பார்.

மாமா தோட்டம் என்னுடைய யோசனையாக்கும், அது உனக்கே தெரியும். அதற்கு முன்பு நம்ம கடையின் அழுகின காய் திருவனந்தபுரம் தாண்டி ஏதோ ஆலைக்கு லாரியில் போய்க்கொண்டிருந்தது. மட்கிப் போகிற சாதனத்துக்கு என்னத்துக்கு இவ்வளவு தூரம் டீசல் என்று நான்தான் கேட்டேன். உள்ளூர் விவசாயி, மூன்று கிலோமீட்டர் என்று எழுதிக் கொடுத்தேன். அவர் சந்தோஷத்தில் குதித்தார். எந்த ஸ்டேட் என்று அவர் கேட்கவில்லை. எனக்கும் தோன்றவில்லை. நீ போலீசிடம் சொன்னதைக் கேட்டு எஸ்.ஐ. சிரித்தாராமே, என்னிடம் கேட்டிருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன். அந்த வருஷம் நம்ம கடை முதலாவது வந்தது. இலை மாதிரி ஒரு கேடயம் தந்தார்கள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நேற்று அவர் கம்பெனி வக்கீலோடு வந்தார். டைப் செய்த ஒரு தாள் கொண்டுவந்தார். கழிவைக் கேரளத்துக்குள் இருக்கிற ஆலைக்குத்தான் கொண்டுபோகச் சொன்னோம், வண்டிக்காரன் டீசலை மிச்சம் பிடிக்கத் தன்னிஷ்டத்துக்கு எல்லை தாண்டிக் கொண்டுபோனான், கடைக்குத் தெரியாது. இதுதான் அதில் உள்ளது. வண்டிக்காரன் என்று நீ. பேர்கூட இல்லை.

"ஒரு ஒப்பு மாத்ரம் மதி சேச்சி" என்றார். ஒரே ஒரு கையெழுத்து போதுமாம்.

நான் கையெழுத்துப் போடவில்லை. போடமாட்டேன் என்றும் சொல்லவில்லை. வாசித்துப் பார்க்கிறேன் என்று வாங்கி வைத்திருக்கிறேன். கொஞ்சம் பொறு மக்கா. அவசரப்பட்டு ஒன்றும் உளறாதே. உன் பொண்டாட்டி அனுமோள் என்னைக் கண்டால் கிணற்றடியில் வாளியை வைத்துவிட்டு உள்ளே போய்விடுகிறாள். உனக்குத் துணி அனுப்ப வேண்டும் என்று சொல்லக்கூட அவளுக்கு என் முகம் வேண்டாம்.

ஜீனா.


திருநெல்வேலி
19 ஜூன் 2025

அக்கா,

வாசித்துப் பார்க்கிறாயா? அதில் வாசிக்க என்ன இருக்கிறது? ராத்திரி படுத்துக்கொண்டு ராகம் போட்டு வாசி.

நீ பெரிய கடிதம் எழுதியிருக்கிறாய். மாமா தோட்டம் உன் யோசனை, கேடயம், டம்ளர் எல்லாம் வந்தது. ஓமனக்குட்டியும் சினியும் மட்டும் வரவில்லை. அவர்கள் இரண்டு பேரும் கடைக்குப் பின்னால் மேஜை போட்டு உட்கார்ந்து, தேதி முடிந்த பாக்கெட்டைக் கிழித்து, தயிரை டிரம்மிலும் கவரைச் சாக்கிலுமாகப் பிரித்துத் தந்த காலம்வரை மாமா தோட்டத்தில் ஒரு பிளாஸ்டிக் துண்டு விழுந்ததுண்டா? வாழை எப்படி வந்தது என்று மாமா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு நடந்தாரே. கிழிக்கிறதற்கு இரண்டு ஆள் என்னத்துக்கு என்று அவர்களைப் பில் போடுகிற இடத்துக்கு மாற்றியது யார்? மேலிடம் என்பாய். சரி, மேலிடம். அதற்குப் பிறகு பாக்கெட்டை அடியில் போட்டு மேலே கீரையைப் பரப்பச் சொன்னது எந்த மேலிடம்?

நான் உன்னிடம் பறஞ்சேன் அக்கா. "கவரோட ஏத்தாண்டாம், மாமனுக்க மண்ணு நாசமாவும்" என்று கடைக்குப் பின்னால் நின்று உன் முகத்தைப் பார்த்துச் சொன்னேன். நீ என்ன சொன்னாய்? "இந்த மாசம் மட்டும் மக்கா, மார்க்கு போயிரும்" என்றாய். பிறகு ஒவ்வொரு மாசமும் இந்த மாசம் மட்டும்தான்.

தோட்டத்தில் நானே உட்கார்ந்து கிழித்தேன். கவரையெல்லாம் சாக்கில் கட்டி மாமாவின் மாட்டுத் தொழுத்துக்குப் பின்னால் அடுக்கினேன், என்றைக்காவது நீ எடுக்க ஏற்பாடு பண்ணுவாய் என்று. அந்தச் சாக்குகளைத்தான் போலீஸ் போட்டோ எடுத்திருக்கிறது. தொழில் என்று எழுத அதைவிட வேறு என்ன வேண்டும்?

மாமா என்னைத் தெரியாது என்று சொல்லிவிட்டார். "இவன் யாருண்ணு எனக்குத் தெரியாது சார்." நான் பக்கத்தில் நிற்கிறேன். பயந்துபோய்ச் சொன்னார். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் அன்றைக்கு ஜீப்பில் ஏறினபோது அழுதது அதற்காகத்தான், போலீசுக்காக இல்லை.

இங்கே என் பாடு கேள். காலையில் ஸ்டேஷன். ஏட்டையா நோட்டைத் தள்ளுவார், நான் போடுவேன். பிறகு வாழைக்காய் மண்டியில் தார் இறக்குகிறேன். இங்கே என் பேச்சைக் கேட்டு மலையாளத்தான் என்கிறார்கள். அங்கே கடையில் என்னைப் பாண்டி என்பார்கள். வேலை முடிந்தால் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போகிறேன், போகக் கூடாது என்று நினைத்துக்கொண்டே போகிறேன். நாகர்கோவில் பஸ் புறப்படும். அதில் ஏறி, அங்கே ஒரு பஸ் மாறினால் இருட்டுவதற்குள் வீடு. ஏறினால் ஜெயில். கண்டக்டர் "வாறியா, இல்லையா, படியிலருந்து கைய எடு" என்று கத்துவான். நான் கையை எடுத்துவிட்டு லாட்ஜுக்கு வருவேன். நேற்றும் அப்படித்தான்.

அந்தத் தாளைக் கிழி. உனக்குக் கிழிக்கிறதற்குத்தான் ஆள் இல்லையே, நீயே கிழி.

எபின்.


கொல்லயில்
25 ஜூன் 2025

எபின்,

உன் கடிதத்தை வாசித்துவிட்டு ஒரு நாள் முழுக்க உன்மேல் கோபமாக இருந்தேன். நீ எழுதியதில் பொய் ஒன்றும் இல்லை, அதனால்தான் கோபம்.

ஆனால் நீ கடைக்குப் பின்வாசலை மட்டும் பார்த்தவன். முன்வாசலில் என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். ராத்திரி கடை சாத்துகிற நேரத்திலும் அலமாரி நிறைந்திருக்க வேண்டும். அது கம்பெனியின் சட்டம். கடைசியாக வருகிற ஆளும் நிறைந்த அலமாரியைப் பார்க்க வேண்டுமாம், காலியாகக் கண்டால் அடுத்த நாள் வேறு கடைக்குப் போய்விடுவாராம். பாறசாலையில் எட்டு மணிக்குமேல் தயிர் வாங்க யார் வருகிறார்கள்? கடைசி பஸ்ஸுக்கு ஓடுகிறவர்கள் வருவார்கள், ஒரு சோப்பு வாங்குவார்கள். மிச்சமெல்லாம் குப்பை. நான் பாலையும் தயிரையும் குறைத்துக் கேட்டேன். குறைத்து அனுப்பினார்கள். அலமாரி காலியாகத் தெரிகிறது என்று அடுத்த வாரமே ஏரியா ஆபீசிலிருந்து போட்டோ எடுத்து எனக்கே அனுப்பினார்கள். சாயங்காலம் பாதி விலைக்குக் கொடுக்கலாமா என்று கேட்டேன். அப்படியானால் எல்லாரும் சாயங்காலத்துக்காகக் காத்திருப்பார்கள் என்றார்கள். குளிர்பெட்டிக்குக் கதவு வைத்தால் கரண்ட் பாதியாகும் என்று கேட்டேன். கதவைத் திறந்து எடுக்க ஜனங்களுக்கு மடியாம், சோம்பலாம். ஆதித்யன் சாருக்கும் இதெல்லாம் தெரியும். ஆனால் அவர் பேச்சு குப்பையில் தொடங்கும், அலமாரிப் பக்கம் போனால் அவருக்கும் மேலே ஆள் உண்டு. குப்பையை உண்டாக்குவது ஒரு ஆபீஸ், அது எங்கும் போகக் கூடாது என்பது இன்னொரு ஆபீஸ். நடுவில் நான். என்னிடமிருந்து நீ.

இப்போது கடையின் நிலைமையைக் கேட்டால் சிரிப்பாய். நீ பிடிபட்ட பிறகு கழிவெடுக்க வண்டி இல்லை. பஞ்சாயத்து ஆட்களிடம் கொடுத்தால் கணக்கில் ஏறும், ஏறினால் மதிப்பெண் போகும். "புது வண்டி வரும்வரை உள்ளேயே வையுங்கள் சேச்சி, வெளியே மட்டும் போகக் கூடாது" என்று உத்தரவு. பின்னறையில் வைத்தோம். நாற்றம் பில் போடுகிற இடம்வரை வந்தது, ஒரு அம்மாள் மூக்கைப் பொத்திக்கொண்டு வாங்க எடுத்த சாதனத்தைப் போட்டுவிட்டுப் போனாள். வேறு வழியில்லாமல் குப்பையைச் சாக்குச் சாக்காகக் குளிர் அறையில் ஏற்றினோம். மீனும் ஐஸ்கிரீமும் ஒரு மூலையில், மிச்ச இடமெல்லாம் அழுகின முட்டைக்கோஸ் ஐஸ் பிடித்துக் கிடக்கிறது. மெஷின் ஓய்வில்லாமல் ஓடுகிறது. கரண்ட் ஏன் கூடியது என்று விளக்கம் கேட்டு மெயில் வந்திருக்கிறது. பூமி சூடாகாமலிருக்க நான் குப்பைக்குக் குளிர் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

எபின், நான் பயந்திருக்கிறேன். கம்பெனி வக்கீல் தெளிவாகச் சொல்லிவிட்டார். உண்மையைச் சொல்ல எனக்கு உரிமை உண்டாம். சொன்னால் லோடு ஏற்றச் சொன்ன ஆள் என்று என்னை இரண்டாவது குற்றவாளியாகச் சேர்ப்பார்கள், கம்பெனி அதில் ஒன்றும் செய்ய முடியாது, கம்பெனி எதையும் எழுத்தில் சொல்லவில்லையே என்றார். அது சரிதான். எல்லாம் போனில் சொன்னதுதான். துபாயிலிருந்து என் வீட்டுக்காரர், உன் சஜி அத்தானும் அதையேதான் சொல்கிறார். கையெழுத்துப் போடு, ஒரு ஆள் உள்ளே கிடப்பது போதும் என்கிறார். உன்னை ஒரு ஆள் என்கிறார்.

திங்கள்கிழமைக்குள் தாள் வேண்டுமாம்.

அக்கா.


கொல்லயில்
1 ஜூலை 2025

எபின்,

கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை குளிர் அறைக்குள் மீன் கணக்குப் பார்க்கப் போனேன். அடுக்கி வைத்திருந்த சாக்குகள் சரிந்து கதவை அடைத்துக்கொண்டு விழுந்துவிட்டன. கதவு உள்ளே திறக்கிற கதவு. இழுத்தால் அசையவில்லை. சாக்கெல்லாம் ஐஸ் பிடித்துக் கல்லாகக் கிடந்தது, என்னால் ஒன்றைக்கூட நகர்த்த முடியவில்லை. கதவில் அடித்தேன், கத்தினேன். வெளியே பாட்டுப் போட்டிருந்தார்கள், விற்பனை நேரத்தில் போடுவார்களே. சினி ஐஸ்கிரீம் எடுக்க வந்து சத்தம் கேட்டு ஆட்களைக் கூட்டி நெம்பித் திறந்தாள். ரொம்ப நேரம் ஒன்றும் ஆகவில்லை. எனக்கு விரல் மரத்துப்போனது, அவ்வளவுதான்.

ஆனால் அந்தக் கொஞ்ச நேரத்தில் எனக்கு ஒன்று தெரிந்துவிட்டது. பூட்டின இடத்தில் என்னால் கிடக்க முடியாது. உனக்காகக்கூட முடியாது. நான் நல்லவள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், அது அந்தக் கதவுவரைக்குந்தான். மறுநாள் காலையில் ஆதித்யன் சார் பேனாவை நீட்டினார். நான் வாசிக்கவில்லை.

என்னை மன்னி என்று எழுதவில்லை. எழுத எனக்குக் கை கூசுகிறது.

ஜீனா.


திருநெல்வேலி
9 ஜூலை 2025

பாறசாலைக் கடை மேனேஜர் அவர்களுக்கு,

தாங்கள் எழுதிக் கொடுத்த தாள் இங்கே வந்து சேர்ந்தது. ஸ்டேஷனில் என்னை உட்காரவைத்து வாசித்துக் காட்டினார்கள். தமிழில் மாற்றியிருந்தார்கள், நல்ல தமிழ். வண்டிக்காரன் என்று நான்கு இடத்தில் வருகிறது. இது சரிதானா, நீ என்ன சொல்கிறாய் என்று கேட்டார்கள்.

சரி என்று சொன்னேன்.

மேனேஜர் சொன்ன இடத்துக்குப் போகாமல் என் இஷ்டத்துக்குக் கொண்டுபோனேன், கவரோடு ஏற்றியதும் நான்தான், கடையில் யாருக்கும் தெரியாது என்று சொன்னேன். வக்கீல் வெளியே வந்து தலையில் அடித்துக்கொண்டார். உனக்குப் பைத்தியமாடே, நீ வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் கோர்ட்டில் உன் அக்காவைக் குறுக்கு விசாரணையில் மடக்கியிருப்பேனே என்றார். அதனால்தான் சொன்னேன். கூண்டில் நிற்கவைத்து மடக்கினால் உங்கள் முகம் எப்படி ஆகும் என்று எனக்குத் தெரியும். குளிர் அறையில் நின்ற கதையை நீங்கள் எழுதாமல் இருந்திருக்கலாம். எழுதிவிட்டீர்கள். அதற்குமேல் நான் என்ன செய்ய?

இதை உங்கள்மேல் இரக்கப்பட்டுச் செய்ததாக நினைக்க வேண்டாம். எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. கையில் கிடைத்தால் இரண்டு வார்த்தை கேட்காமல் விடமாட்டேன். ஆனால் ஒரு வீட்டிலிருந்து இரண்டு பேர் உள்ளே போனால் அனுமோளுக்கு யார் உண்டு? அவள் உங்களோடு பேசாவிட்டாலும் அவள் வீட்டில் விளக்கு எரிகிறதா என்று நீங்கள் பார்ப்பீர்கள். அது எனக்குத் தெரியும். அதை மட்டும் செய்யுங்கள்.

இனி எழுத வேண்டாம். அடுத்த மாதம் என்னை மறுபடி உள்ளே போடுவார்கள் என்று வக்கீல் சொல்கிறார். அங்கே எல்லாக் கடிதத்தையும் பிரித்து வாசிப்பார்கள்.

இப்படிக்கு,
வண்டிக்காரன்.


கொல்லயில்
2 ஆகஸ்ட் 2025

எபின், எனக்க பொன்னு மக்கா,

எழுத வேண்டாம் என்றாய், எழுதுகிறேன். அவர்கள் என்று எழுதினாயே, தாங்கள் என்று எழுதினாயே, அதை வாசித்தபோது நீ என்னைச் செருப்பால் அடித்திருக்கலாம் என்று தோன்றியது. பிறகு "சரி என்று சொன்னேன்" என்ற வரிக்கு வந்தேன். உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு அனுமோள் வீட்டுக்குப் போனேன். அவள் கதவைத் திறக்கவில்லை. ஜன்னல் வழியாகக் கொடுத்தேன். அவள் நின்றுகொண்டே வாசித்தாள். வாசித்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாள்.

"இனி நீங்க என்ன செய்யப்போறிய அக்கா?"

மறுநாள் காலை பஸ் ஏறினேன். களியக்காவிளையில் இறங்கி ஒரு ஆட்டோ பிடித்து, வழக்கை விசாரிக்கிற ஸ்டேஷனுக்கே போனேன். ஆதித்யன் சார் இரண்டு முறை கூப்பிட்டார், எடுக்கவில்லை. நான் எழுதிக் கொடுத்தது பொய் என்றேன். எஸ்.ஐ. என்னை உட்காரச் சொன்னார். அப்போ எது உண்மை என்று கேட்டார். நான் சொன்னேன். கவரோடு ஏற்றச் சொன்னது நான். என்னிடம் சொன்னது யார், எந்தப் போனில், எந்த மாசம் என்பதையெல்லாம் சொன்னேன். கிழிக்கிற ஆட்களை மாற்றியதைச் சொன்னேன். ராத்திரி நிறைந்த அலமாரியைச் சொன்னேன், அவருக்கு அது மட்டும் புரியவில்லை, விற்காது என்று தெரிந்தும் ஏன் அடுக்குகிறீர்கள் என்று மூன்று தரம் கேட்டார். நான் மூன்று தரமும் அதேதான் சொன்னேன். அந்தச் சாக்குகளை நீ அடுக்கியது கொட்டுவதற்கு அல்ல, நான் எடுத்துப்போவேன் என்று நம்பித்தான் என்றும் சொன்னேன். பாலையன் மாமா நம் அம்மாவின் கூடப்பிறந்தவர், பயந்து சொல்லியிருக்கிறார் என்றேன். மாமாவையும் கூப்பிட்டார்கள். வந்து, என்னைப் பார்த்ததும் அவர் உடைந்துவிட்டார். எபின் எனக்க மருமவன்தான் என்று சொல்லிவிட்டார்.

உன் வக்கீல் நல்ல மனுஷன். ஏசிக்கொண்டே எனக்கும் முன்ஜாமீன் எடுத்துத் தந்தார். உன்னை மறுபடி உள்ளே போடுகிற பேச்சு இப்போதைக்கு இல்லையாம், கம்பெனிக்கு நோட்டீஸ் போயிருக்கிறதாம். நான் சாட்சி இல்லை, இரண்டாவது குற்றவாளி. வழக்கு எப்படிப் போகும் என்று அவரால் சொல்ல முடியவில்லை. நான் முதலில் பொய் எழுதியதும், நீ அதைச் சரி என்றதும் நம் இரண்டு பேர் கழுத்திலும் கிடக்கும் என்றார்.

கடையில் என் வேலை போய்விட்டது. அதுகூடப் பரவாயில்லை. விசாரணை முடியும்வரை கடையையே சாத்திவிட்டார்கள். ஓமனக்குட்டி வீட்டுக்கு வந்து, நீங்க நல்லவளாவதுக்கு எங்க வயித்துல ஏன் அடிச்சிய என்று கேட்டுவிட்டுப் போனாள். சாத்துகிற அன்று குளிர் அறையையும் நிறுத்தினார்கள். பஞ்சாயத்து வண்டி வந்து எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போனது. ஊர் முழுக்க நாறியது. ஆதித்யன் சார் நேற்று ஒரு மெசேஜ் அனுப்பியிருந்தார், திட்டுவாரென்று நினைத்துத் திறந்தேன். ஜூலை மாதக் கணக்கில் நம்ம ஏரியாதான் முதலிடமாம். பாறசாலையில் கரண்ட் குறைந்தது, டீசல் இல்லை, கடை சாத்திய பிறகு கழிவு பூஜ்யம். கீழே, "எனக்கு வெட்கமாக இருக்கிறது சேச்சி" என்று எழுதியிருந்தார். அவரும் பாவம். ஆனால் அவருக்குக் கையெழுத்துப் போட வேண்டிய ஸ்டேஷன் இல்லை.

எனக்கு உண்டு. முன்ஜாமீனில் அதுதான் நிபந்தனை. திருநெல்வேலியில் தங்க வேண்டும், நீ போடுகிற அதே ஸ்டேஷன், காலை பத்து மணி. அனுமோள் உனக்குக் கொடுக்கச் சொல்லி இரண்டு சட்டையும் சோற்றுக்கு மாங்காய் அச்சாறும் தந்திருக்கிறாள், என் கையிலேயே தந்தாள். திங்கள்கிழமை காலை பஸ்ஸில் வாறேன்.

நீ கேட்க வைத்திருக்கிற அந்த இரண்டு வார்த்தையையும் கேள், நான் தலையைக் குனிந்துகொள்கிறேன். ஆனால் கையெழுத்துப் போட்ட பிறகு கேள். அதுவரை ஸ்டேஷன் வாசலில் நில்லு மக்கா. தனியாக உள்ளே ஏற எனக்குக் கால் வராது.

உன் அக்கா,
ஜீனா.